தேர் திரும்பும் முக்கு



ஆகஸ்ட் பிறந்துவிட்டால் தென் மாவட்டத்துச் சாலைகளில் நடந்து போகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். 5-ஆம் தேதி தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா. 15-ஆம் தேதி, நாடு முழுவதும் கொடியேற்றும் அதே நாளில், கோவில்பட்டிக்குப் பக்கத்தில் காமநாயக்கன்பட்டியில் பரலோக மாதா திருவிழா. 29-ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடி ஏறும். செப்டம்பர் 8 வரை அந்தக் கடற்கரை உறங்காது. காவி வேட்டி, காவிச் சேலை, கழுத்தில் ஜெபமாலை. தள்ளுவண்டியில் மாதா சொரூபம், சொரூபத்தின் காலடியில் பேட்டரி, பேட்டரிக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கேன். இப்படித்தான் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். இவர்களில் ஞானஸ்நானம் பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று வழியில் ஒருவரும் கேட்பதில்லை. நேர்ந்துகொண்டவர் நடக்கிறார், அவ்வளவுதான்.

வழியில் இவர்களுக்கு மோர் ஊற்றுகிறவர்களைப் பற்றி நம் இதழில் இன்னும் அதிகம் எழுதியிருக்க வேண்டும். நெற்றி நிறையத் திருநீறு பூசிய பெட்டிக்கடைக்காரர் வாசலில் பானையை வைத்துக்கொண்டு, "மாதா பிள்ளைகளா, குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். தர்கா திண்ணையில் இரவு படுத்து எழுந்து, விடிகாலையில் முகம் கழுவிக்கொண்டு ஜெபமாலையைத் தொடங்கியவர்களோடு பேசியிருக்கிறேன். தமிழ்நாட்டில் கிறிஸ்தவ வழிபாடு பொதுவெளியில் எப்படி நடக்கிறது என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், முதலில் இந்தச் சாலைகளைத்தான் காட்டுவேன்.

ஆலயத்துக்குள் நடக்கும் வழிபாடு நமக்கும் ஆண்டவருக்கும் இடையில் உள்ளது. தேர் கோயில் வாசலைத் தாண்டிவிட்டால் ஊருக்கும் அதில் பங்கு வந்துவிடுகிறது. காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து அனுமதி வாங்குகிறோம். மின்வாரிய ஊழியர் வந்து கம்பி தாழ்ந்த இடங்களைப் பார்த்து, தேர் வரும் நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தித் தருகிறார். பஞ்சாயத்து, குழிகளில் சரள் கொட்டிக் கொடுக்கிறது. அம்மன் கோயில் கொடையும் நம் திருவிழாவும் ஒரே வாரத்தில் வந்தால் இரண்டு கமிட்டியும் உட்கார்ந்து பேசி நாளை மாற்றிக்கொள்கின்றன. பாங்கு சொல்லும் நேரத்தில் பேண்டுக்காரர்கள் வாத்தியத்தைக் கீழே வைக்கிறார்கள். இவற்றில் ஒன்றும் சட்டப் புத்தகத்தைப் பார்த்து நடப்பதில்லை. ஆனால் இவை இல்லாவிட்டால் சட்டம் தரும் உரிமை மட்டும் ஒரு தேரையும் நகர்த்தாது. இன்று வேறு மாநிலங்களிலிருந்து வரும் செய்திகள் மனதைக் கலக்குகின்றன. வீட்டில் கூடி ஜெபித்தவர்கள்மேல் வழக்கு, கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவை வழிமறித்தல் என்று மாதம் தவறாமல் ஏதாவது ஒன்று. இங்கும் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே தெருவில் நமக்கு இருக்கும் இடத்தை, அண்டை அயலார் நம்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையாகப் பார்க்கிறேன்.

இந்த மாதத்தில் இன்னொரு நாளும் இருக்கிறது. பனிமய மாதாவுக்கும் பரலோக மாதாவுக்கும் நடுவில், ஆகஸ்ட் 10. அன்று சில ஆலயங்களில் கறுப்புக் கொடி கட்டுகிறார்கள். சில ஆலயங்களில் மறையுரையில் ஒரு வரி வரும். பல ஆலயங்களில் அதுவும் வராது.

1950 ஆகஸ்ட் 10 அன்று வெளிவந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் யார் என்று வரையறுத்தது. அதன் மூன்றாம் பத்தி, இந்து சமயம் அல்லாத வேறு சமயத்தவரைப் பட்டியல் சாதியினராகக் கருதக்கூடாது என்றது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் அந்தப் பத்தியில் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். ஒரே தெருவில், ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவர் கையில் எஸ்.சி. சான்றிதழ், ஞானஸ்நானம் பெற்ற இன்னொருவர் கையில் பி.சி. சான்றிதழ். தனித்தொகுதியில் நிற்கும் உரிமை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு என்று அந்த ஒரு தாளோடு போய்விடுபவை பல.

இந்த ஆணைக்கு முந்தைய ஆண்டில் நம்மவர்கள் செய்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசியல் நிர்ணய சபையில் மதச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கீட்டு இடங்கள் வேண்டுமா என்ற பேச்சு வந்தபோது, கிறிஸ்தவப் பிரதிநிதிகள் மனமுவந்து வேண்டாம் என்றார்கள். சென்னை லயோலா கல்லூரியின் முதல்வராக இருந்த இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா அந்தச் சபையில் உறுப்பினர். அதற்கு முன்பே, தூத்துக்குடி மாவட்டம் வெள்ளாளன்விளையில் பிறந்து 1912-இல் முதல் இந்திய ஆங்கிலிக்கப் பேராயரான வே.ச. அசரியா, கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி கூடாது என்று எதிர்த்து நின்றிருந்தார். சக குடிமக்களை நம்புவோம் என்ற பெரிய மனது அது. இன்றும் அதை நினைத்துத் தலைநிமிர்கிறேன். ஆனால் அந்த நம்பிக்கைக்கான விலையில் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள், பேச்சுவார்த்தை மேசையில் ஒரு நாற்காலிகூட இல்லாத தலித் கிறிஸ்தவர்கள். அவர்களைக் கேட்டு யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

எழுபத்தைந்து ஆண்டுகளாகத் தலித் கிறிஸ்தவர்களின் கோரிக்கைக்கு அரசாங்கக் கோப்புகள் சொல்லும் பதில் ஏறத்தாழ ஒன்றுதான்: உங்கள் சமயத்தில் சாதி கிடையாதே, பிறகு சாதியால் வந்த இழிவு எங்கிருந்து வந்தது? நம் பிரசங்க பீடத்திலிருந்து வருவதும் அதே வாக்கியம்தான்: நம்மில் சாதி இல்லை, கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று. கோப்பும் பீடமும் ஒரே குரலில் பேசும்போது, இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மனிதர் வாயைத் திறக்க இடமில்லாமல் போகிறது. அவருக்கு உண்மை தெரியும். அவர் தெருவுக்குத் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை தேர் அதை ஊரறியச் சொல்லிவிட்டுப் போகும்.

ஒரு பங்கின் திருவிழாவில் இதை நேரில் பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர் மட்டும் செய்த தவறு என்று ஆகிவிடக்கூடாது. இரவு பதினோரு மணி இருக்கும். தேருக்கு முன்னால் பேண்டு, பின்னால் டிராக்டரில் ஜெனரேட்டர். இரண்டு பக்கமும் இளைஞர்கள் கவட்டைக் கம்பைப் பிடித்துக்கொண்டு கேபிள் டி.வி. வயர்களைத் தூக்கிவிட்டபடி வருகிறார்கள். வாசலுக்கு வாசல் கோலம். நேர்ந்துகொண்டவர்கள் உப்பையும் மிளகையும் தேர்மேல் வீசுகிறார்கள். பல்பு வெளிச்சத்தில் உப்பு பொரிந்து விழுகிறது. தேருக்குப் பின்னால் ஈரத்துணியோடு தரையில் விழுந்து விழுந்து எழுந்து கும்பிடு சேவை செய்கிறவர்கள். கடைத்தெரு முடிந்தது, வடக்குத்தெரு முடிந்தது, ஒரு முக்கு வந்தது. நேராகப் போனால் ஒரு தெரு. சுமார் நாற்பது வீடு. எல்லாரும் இந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள்தான். தேர் இடது பக்கம் திரும்பியது.

அந்தத் தெருவின் ஆட்கள் எல்லாரும் முக்கில் வந்து நின்றிருந்தார்கள். பாய் விரித்துக் குழந்தைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். தேர் திரும்புவதற்கு எடுத்துக்கொண்ட நேரம்தான் அவர்களுக்குக் கிடைத்த தரிசனம். வயதான ஓர் அம்மா காகிதப் பொட்டலத்தைப் பிரித்து உப்பை வீசினார். கை எட்டவில்லை. பாதி தார்ச்சாலையில் விழுந்தது. பக்கத்தில் நின்ற என்னிடம் அவரே பேச்சுக் கொடுத்தார்: "எங்க மாமனாரு காலத்துலயும் இந்த முக்குலதான் நிப்போம் ஐயா. மழ பேஞ்சாலும் இங்கதான்."

கமிட்டியில் ஒருவரை மறுநாள் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். தெரு குறுகல் சார் என்றார். கம்பி தாழ்வாக இருக்கிறது, சாக்கடைக் கான் மூடி உடைந்து கிடக்கிறது, சக்கரம் இறங்கிவிடும் என்றார். கடைசியில், "காலங்காலமா உள்ள வழக்கம், நாம கைய வச்சா பிரச்சின ஆயிரும்" என்றார். பிறகு நான் அந்தத் தெருவுக்குள் நடந்தேன். யாரோ வீடு கட்டுகிறார்கள் போல, செங்கல் லாரி உள்ளே வந்து திரும்பிப் போன சக்கரத் தடம் மண்ணில் பதிந்திருந்தது. லாரி போன தெருவில் தேர் போகாது என்பதை நான் எந்தக் கணக்கில் எழுதிக்கொள்வது?

இந்த இடத்தில் தூய தேவசகாயத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன்; திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அலுவலர். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு அதே மன்னரின் படைத்தளபதியான டச்சுப் படை அதிகாரி டிலனாய் இவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். 1745 மே மாதம் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். அரசு வேலையில் இருந்தவர், மேல்சாதியில் பிறந்தவர், சாதி பார்க்காமல் எல்லாரோடும் கலந்து பழகினார் என்பது அவர்மேல் எழுந்த கோபங்களில் ஒன்று. 1749-இல் கைது. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் என்று நாம் எல்லாரும் பட்டாசு வெடித்தோம். அதற்கு முன்பே ஒரு கோரிக்கை வத்திக்கானுக்குப் போயிருந்தது: அவர் பெயரோடு ஒட்டியிருக்கும் சாதிப் பட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று. ஏற்றுக்கொண்டார்கள். இன்று அவர் வெறும் தேவசகாயம். உரோமை எடுத்துவிட்ட பட்டத்தை நம் ஊர் ஃபிளெக்ஸ் போர்டுகள் சில இன்னும் விடவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872-இல் ஒரு பெரிய ஆலயம் எழும்பத் தொடங்கியது. திருக்குடும்ப ஆலயம். பீடத்திலிருந்து பார்த்தால் இரண்டு நீண்ட கூடங்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து போகும். கால்சட்டைக் கோயில் என்று பேர் வாங்கிய கட்டடம். பிள்ளை, முதலியார் சமூகத்தார் ஒரு கூடத்தில், நாடார் சமூகத்தார் இன்னொன்றில். இரண்டு கூட்டத்தாரும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. கொத்தனாரைக் குறை சொல்ல முடியாது. கேட்டதைக் கேட்டபடி கட்டிக் கொடுத்தார். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குருக்கள் அந்தத் தடுப்பை எடுத்தார்கள். எடுத்ததை எதிர்த்து வழக்கு நடந்தது. பழையபடி தடுப்பை வைத்துத் தர வேண்டும் என்று கேட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். கேட்டது கிடைக்கவில்லை. கோயிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்கும் சட்ட உரிமை எதுவும் இல்லை என்று முடிந்தது. இரத்தம் சிந்திச் சாட்சி சொன்னவர் திருமுழுக்குப் பெற்ற ஊரில், அவர் இறந்து ஒன்றரை நூற்றாண்டு கழித்து, சுவரை எடுத்ததற்காகத் திருச்சபை நீதிமன்றக் கூண்டில் நிற்க வேண்டியிருந்தது.

கத்தோலிக்கர்களின் கதையாக மட்டும் இதைப் படித்துவிட்டு, எங்களுக்குத்தான் தேரே கிடையாதே என்று மற்றச் சபையார் நகர்ந்துவிட வேண்டாம். 1833-இல் கல்கத்தா ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை அறவே கைவிட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். தஞ்சாவூரில் அதற்குப் பலத்த எதிர்ப்பு. பந்தியிலும் ஆலய இருக்கையிலும் வேறுபாட்டை விட்டுவிடச் சொல்வதை எதிர்த்து எழுதியவர்களில் நம் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவர் பாடல்கள் இல்லாமல் நம் கீர்த்தனைப் புத்தகம் இல்லை. திருமணத்திலும் துக்க வீட்டிலும் அவற்றைப் பாடித்தான் நாம் தேறுகிறோம். பாடல்களை நான் விடமாட்டேன். ஆனால் இவ்வளவு உருக்கமாக ஆண்டவரைப் பாடிய ஒருவருக்கும் பக்கத்தில் உட்காருகிறவர் யார் என்பது உறுத்தியது என்பதை மறைக்கவும் மாட்டேன். பக்தி ஆழமாக இருந்தால் சாதி தானாக உதிர்ந்துவிடும் என்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் எடுத்துக்காட்டுவது வழக்கம். உதிராது. எடுத்துப் போட வேண்டும், யாராவது ஒருவர் கை வைத்து.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் பிரஸ்பிட்டேரியரும் சபைவாதிகளும் ஒரே சபையானார்கள். உலகம் திரும்பிப் பார்த்தது. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகத் தீராத பிரிவினைகளை நாடு விடுதலை பெற்ற ஆறே வாரத்தில் நம்மால் தாண்ட முடிந்தது. ஆனால் கல்லறைத் தோட்டத்தில்? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களைச் சாதி பார்த்துப் பிரித்த சுவரைப் பற்றித் தமிழ்நாடே பேசியது. நம் வாசகர்களில் பலருக்கு அதைப் படிக்கும்போதே தங்கள் ஊர்த் தோட்டம் நினைவுக்கு வரும். சுவர் இருக்காது, ஒரு வரப்பு, ஒரு வேலி, அல்லது 'அந்தப் பக்கம்' என்று கை காட்டும் பழக்கம். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று போய்ப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பார்கள். எந்தப் பக்கத்தில் சிமென்டுக் கல்லறை, எந்தப் பக்கத்தில் மண்மேடும் மரச்சிலுவையும் என்பது தூரத்திலிருந்தே தெரியும்.

இறையூரை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போதைய விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி. சம மரியாதை கிடைக்காத தலித் கத்தோலிக்கர்கள் தங்கள் சிற்றாலயத்தைத் தனிப் பங்காக்கித் தரும்படி கேட்டார்கள். 2008 மார்ச்சில் மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அது தவக்காலம். திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்துத் தலித் கத்தோலிக்கர்கள், திருவிழாவிலும் கல்லறையிலும் தங்களுக்குப் பாகுபாடு காட்டப்படுவதாகச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். நூறு ஆண்டுக்கு முன் வடக்கன்குளத்தில் தடுப்பை வைத்துத் தரும்படி நீதிமன்றம் போனார்கள். இப்போது தடுப்பை எடுத்துத் தரும்படி போகிறார்கள். இந்த வேற்றுமையில் எனக்கு ஆறுதல் உண்டு. ஆனாலும் ஓர் ஊர்க்காரருக்குத் தன் பங்குச்சாமியிடமும் தன் ஆயரிடமும் கிடைக்க வேண்டிய நீதியை டெல்லியில் போய்த் தேட வேண்டியிருப்பது நம் எல்லாருக்கும் தலைகுனிவுதான்.

திருச்சபை ஒன்றுமே சொல்லவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாட்டைக் கடுமையாகக் கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்றே ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. நான் பார்த்த வரையில் அந்த ஆவணம் ஆயர் இல்லத்து அலமாரியில் இருக்கிறது. பங்குப் பேரவைக் கூட்டத்தில் வாசித்துக் கேட்டவரை இன்னும் சந்திக்கவில்லை.

அரசு தரப்பிலும் அசைவு உண்டு. பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு முடிச்சுப் போட வேண்டாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது. 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைந்தது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம், தலித் கிறிஸ்தவர்களுக்கும் அந்தத் தகுதியைக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. உச்ச நீதிமன்றத்தில் வழக்கு 2004-இலிருந்தே நிற்கிறது. இந்தக் கோரிக்கையை நம் இதழ் முழு மனதோடு ஆதரிக்கிறது. அதில் எனக்கு எள்ளளவும் தயக்கம் இல்லை. ஆனால் ஆகஸ்ட் 10 அன்று கறுப்புக் கொடியோடு கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போகும் நாம், ஆகஸ்ட் 15 அன்று தேரை அந்த முக்கிலேயே இடது பக்கம் திருப்பினால், கோப்பு எழுதுகிற அதிகாரிக்கு என்ன பதில் சொல்வோம்? மோர் ஊற்றிய பெட்டிக்கடைக்காரருக்கு என்ன சொல்வோம்? மாற்று மதத்தவர் வந்து உப்பு போட்டால் மனம் குளிர்ந்து வாங்கிக்கொள்ளும் தேர், கொடியேற்றத்துக்கு வரி கொடுக்கத் தயாராக இருக்கும் சொந்தப் பங்கு மக்களின் வாசலுக்குப் போகவில்லை. வரியையே அவர்களிடம் வாங்காத ஊர்களும் உண்டு. வாங்கினால் மண்டகப்படி கொடுக்க வேண்டும், மண்டகப்படி கொடுத்தால் தேர் போக வேண்டும். அதனால் முதல் கணுவிலேயே வெட்டிவிடுகிறார்கள்.

மாறிய ஊர்களும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கம் முழுமையாகாது. ஒரு பங்கில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே புதிதாக வந்த பங்குத்தந்தை பிரசங்கம் செய்யவில்லை. சாதி என்ற வார்த்தையை முதல் ஓராண்டு பீடத்தில் எடுக்கவே இல்லை. அன்பியம் என்னும் அக்கம்பக்கத்துக் குடும்பக் கூட்டங்களை அந்தத் தெருவில் வைத்தார். வீடு வீடாகப் போய்ச் சாப்பிட்டார். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும்போது பீடச்சிறுவர்களாக எல்லாத் தெருப் பையன்களையும் அழைத்துப் போனார். அடுத்த ஆண்டு, திருவிழாவுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, தெருவின் அகலத்தை டேப் வைத்து எல்லார் முன்னிலையிலும் அளந்தார். தேரின் அகலத்தையும் அளந்தார். இரண்டு எண்ணையும் கோயில் அறிவிப்புப் பலகையில் சாக்பீஸால் எழுதிப் போட்டார். குறுகல் என்ற பேச்சு அன்றோடு நின்றது. கம்பிக்கு மின்வாரியத்தில் மனு. கான் மூடிக்கு அந்தத் தெரு இளைஞர்களே காசு போட்டார்கள். சில குடும்பங்கள் அந்த ஆண்டு திருவிழாவுக்கே வரவில்லை. அதற்கடுத்த ஆண்டு பாதிப் பேர் வந்தார்கள். இப்போது அந்தத் தெருவில் தேர் நுழையும்போது வடம் பிடிப்பவர்களில் எல்லாத் தெரு ஆட்களும் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன், உண்மைதான்.

தென் மாவட்டத்துச் சபைகளுக்கு அசனம் என்று ஒரு கொடை இருக்கிறது. பிரதிஷ்டைப் பண்டிகையோ திருவிழாவோ முடிந்ததும் ஆலய வளாகத்தில் அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, ஊரையே உட்கார வைத்துப் பரிமாறுகிறோம். வாழையிலை, சோறு, சாம்பார் அல்லது கறிக்குழம்பு, ரசம். இந்துப் பக்கத்து வீட்டுக்காரரும் முஸ்லிம் கடைக்காரரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கிறிஸ்தவம் இந்த மண்ணின் பொதுவாழ்வுக்குக் கொடுத்த அருமையான வழக்கங்களில் ஒன்று என்று இதைச் சொல்வேன். சாப்பிடுவதில் வேறுபாடு பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் அண்டாவுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். கரண்டி பிடிப்பவர், பருப்பு கடைபவர், இலை போடுபவர் யார், எச்சில் இலை எடுத்து வளாகம் கூட்டுபவர் யார்? பரிமாறும் கைகளில் எல்லாத் தெருக் கைகளும் இருக்கும் அசனத்தை ஒரு கிராமத்துச் சபையில் பார்த்தேன். அங்கே பெண்கள் ஐக்கியத் தலைவிதான் பெயர்ப் பட்டியல் போடுவார், தெருவுக்கு இரண்டு பேர் என்று. "பட்டியல் போட்டது நான், சண்டைக்கு வர்றவங்க என்கிட்ட வரட்டும்" என்றார் அந்த அம்மா. ஒருவரும் வரவில்லையாம்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பங்கின் தேர், அல்லது சப்பரம், அல்லது குருத்தோலைப் பவனி, அல்லது கிறிஸ்துமஸ் கேரல் குழு எந்தத் தெருக்கள் வழியாகப் போகிறது என்று ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். எங்கே திரும்புகிறது என்பதைக் குறியுங்கள். எப்போதாவது மாறியிருந்தால், யார் பேசி மாற்றினார்கள், எவ்வளவு காலம் பிடித்தது, யார் கோபித்துக்கொண்டார்கள், பிறகு சமாதானமானார்களா என்று எழுதுங்கள். மாறாமல் இருந்தால் என்ன காரணம் சொல்கிறார்கள் என்றும் எழுதுங்கள்; ஊர்ப் பெயரை வெளியிட வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம். கல்லறைத் தோட்டத்தைப் பற்றி எழுத விரும்புகிறவர்கள் தனிக் கடிதமாக அனுப்பினால் நல்லது. நவம்பர் இதழில் அதற்கென்று பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். பங்குப் பேரவையில் இருப்பவர்களின் கடிதங்களுக்கு எங்களுக்குத் தனி ஆவல் உண்டு, ஏனெனில் பாதையை முடிவு செய்யும் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நீங்கள்தான். செப்டம்பர் 20-க்குள் கிடைத்தால் அக்டோபர் இதழிலேயே தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்